பத்திரத்தில் இருந்த கையெழுத்து

"இது உங்க கையெழுத்து இல்லையேம்மா" என்றார் தபால் ஆபீஸ் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.

சிஸ்டருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. முப்பத்தாறு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, ஒரு நாளைக்கு நூறு இடத்தில் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவள் அவள். தெருவே இன்னும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது. அவ்வளவு ஏன், கட்டின புருஷனே கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டார். பெண்டாட்டியை யாராவது சிஸ்டர் என்பார்களா என்று சிரித்தவர்களிடம், "அந்தப் பேரைச் சொன்னாத்தான் திரும்பிப் பாக்குறா, நான் என்ன பண்றது?" என்பார்.

"என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கண்ணாடியைத் துடைச்சுட்டு நல்லாப் பாருங்க சார்" என்றாள்.

அந்த மனிதர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. அதற்கு மேல் ஒரு லென்ஸை வேறு எடுத்து வைத்துக்கொண்டார். மேஜையில் பதினோரு சேமிப்புப் பத்திரங்கள். பக்கத்தில் சிஸ்டர் இப்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விண்ணப்பம். லென்ஸ் இங்கும் அங்கும் போய்ப் போய் வந்தது. இந்த ஆபீஸ்காரர்களுக்கு மட்டும் எங்கிருந்துதான் இவ்வளவு பொறுமை வருகிறதோ! சிஸ்டரின் வலது முட்டி விண் விண் என்று தெறித்தது.

அந்த முட்டிக்காகத்தான் இவ்வளவு பாடும். மகள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு தடவை இறங்கி ஏறினால் அன்றைக்கு முழுக்கப் படுக்கைதான். ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் நாள் குறித்தாகிவிட்டது, முன்பணம் மட்டும் பாக்கி. என்ன செய்வது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான், நாலு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்த புருஷனின் கருவிப் பெட்டியை மகள் ஒதுங்க வைத்தாள். ஸ்பேனர்களுக்கு அடியில் ஒரு பழைய எக்ஸ்ரே கவர். அதற்குள் பதினோரு பத்திரங்கள், எல்லாம் சிஸ்டர் பெயரில். வருஷத்துக்கு ஒன்று என்று அவர் வாங்குவார் என்று அவளுக்குத் தெரியும். எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்கத்தான் அவளுக்கு நேரமே இருந்ததில்லை.

லென்ஸ்காரர் ஒரு பத்திரத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "நீங்களே பாருங்கம்மா."

சிஸ்டர் குனிந்து பார்த்தாள். அவளுடைய பெயர்தான். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கடைசி எழுத்தின் வால் மேலே தூக்கி நின்றது. அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. சிஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று ஒட்டியிருந்த சீட்டும், கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியும் இந்தக் கையெழுத்தில்தானே இருந்தன! குடிநீர் வாரியத்தில் குழாய் ஃபிட்டராக இருந்த அந்த மனிதரின் கை. அடப்பாவி மனுஷா!

"ஏம்மா, உன் கையெழுத்துதானே?" என்று பக்கத்தில் நின்ற மகள் கேட்டாள்.

"ஆமா. அப்பல்லாம் அப்படித்தான் போடுவேன்" என்று மென்று முழுங்கினாள்.

லென்ஸ்காரர் கெட்டவர் இல்லை. வழியும் சொன்னார். பத்திரத்தில் இருக்கிற மாதிரியே அவர் கண் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால், பழைய கையெழுத்து என்னுடையதுதான் என்று வக்கீல் முன்னால் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். "ஆனா வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். இந்தப் பழைய வரிசைப் பத்திரத்தை அதுக்கப்புறம் இங்க வாங்க மாட்டோம். தலைமை ஆபீசுக்கு எழுதிப் போட்டுட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும்."

சத்தியம் செய்தால் பொய். உண்மையைச் சொன்னால், செத்துப்போன மனிதர் கள்ளக் கையெழுத்துப் போட்டவர் என்று ஆகிவிடும். தெருவில் கிடந்த சில்லறையைக்கூட யாருடையது என்று நாலு கடையில் விசாரித்த மனிதர் அவர். சிஸ்டர் பத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தாள். அன்றைக்குத் திங்கட்கிழமை.

மூன்று மாடியும் ஏறி முடிப்பதற்குள் பழசெல்லாம் வந்துவிட்டது. அவருக்குப் போனஸ் வந்த நாள் அது. குழந்தைகள் வார்டில் காய்ச்சல் கேஸ் குவிந்து, ஒரே கட்டிலில் இரண்டிரண்டு பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். வார்டு வாசலில் இவர் வந்து நிற்கிறார், முழங்கால் வரை சேறு, கையில் ஒரு விண்ணப்ப ஃபாரம்.

"சிஸ்டர், ஒரே ஒரு கையெழுத்து. உன் பேர்ல பத்திரம் வாங்குறேன்."

"என் பேர்ல எதுக்கு? உங்க பேர்லயே வாங்குங்க."

"நான் குழிக்குள்ள இறங்குற வேலைக்காரன். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீ ஆபீஸ் ஆபீஸா அலையக் கூடாது பாரு."

உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. அவள் ஓடிக்கொண்டே சொன்னாள், "இப்ப முடியாது, நீங்களே ஏதாவது போட்டுத் தொலைங்க!"

போட்டுத் தொலைத்துவிட்டார். சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள். முதல் பத்திரத்தில் ஒரு கையெழுத்து விழுந்த பிறகு அடுத்த வருஷமும் அதே கையெழுத்து வேண்டுமே. அதற்கடுத்த வருஷமும் வேண்டுமே. இப்படியே பதினோரு வருஷம், அவளை மறுபடியும் வாசலுக்குக் கூப்பிடாமல் வேலையை முடித்திருக்கிறார். அலையக் கூடாது என்று சொன்ன மனிதர் பண்ணி வைத்த காரியத்தைப் பாருங்கள்!

செவ்வாய்க்கிழமை மகள் வேலைக்குப் போனதும், சிஸ்டர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தாள். வரவில்லை. அவள் கை ஓடிப் பழகிய கை. முதல் எழுத்தை ஆரம்பித்தால் கடைசி எழுத்தில்தான் நிற்கும். மெதுவாக எழுதினால் நடுங்கியது. மத்தியானத்துக்குள் ஆறு தாள் தீர்ந்தது. "நாலாங்கிளாஸ் பிள்ளை எழுதுற மாதிரி இருக்கு, இதைப் போடத் தெரியல எனக்கு" என்று பேனாவைத் தூக்கி எறிந்தாள். அது கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்விட, அந்த முட்டியோடு குனிய முடியாமல் அதை எடுக்கத் துடைப்பக்கட்டை தேவைப்பட்டது.

அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த மகள், கட்டில் முழுக்கத் தாளைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "என்னம்மா இது? உன் கையெழுத்தை நீயே பார்த்துப் பார்த்து எழுதுறே?"

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? சிஸ்டர் சொல்லிவிட்டாள். மகள் தாளையும் பத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பாவா? நம்ம அப்பாவா? என் ரேங்க் கார்டுல உனக்குப் பதிலா ஒரு கையெழுத்துப் போடுங்கன்னு கெஞ்சினேனே, அதெல்லாம் தப்புன்னு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தாரேம்மா!"

"அதுக்கு நான் பெர்மிஷன் குடுக்கலையே" என்றாள் சிஸ்டர். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து ஓய்ந்த மகள் பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அம்மா, அப்பா பேனாவை நம்மள மாதிரிப் பிடிக்க மாட்டாரே. கட்டைவிரல் நசுங்கிப் போச்சுல்ல."

ஆமாம்! குழாய் விழுந்து கட்டைவிரல் நுனி போனபோது கட்டுப்போட்டதே சிஸ்டர்தான். அதற்கப்புறம் அவர் பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் சொருகித்தான் எழுதுவார். சிஸ்டர் அப்படியே சொருகிப் பார்த்தாள். அசௌகரியமாக இருந்தது. வேகமாக எழுதவே முடியவில்லை. ஒரு எழுத்தை முடித்துவிட்டுப் பேனாவைத் தூக்கி, அடுத்த எழுத்துக்கு இடம் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. கடைசி எழுத்தின் வால் தானாகவே மேலே போய் நின்றது.

அவர் அவள் பெயரை இவ்வளவு நேரம் எடுத்தா எழுதினார்? சிஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது.

எக்ஸ்ரே கவரைத் தட்டி உதறிய மகள், அதன் உள்பக்கத்தை விரித்துக் காட்டினாள். பென்சிலில் சிஸ்டரின் பெயர் மேலிருந்து கீழ்வரை எழுதியிருந்தது. முதல் வரிசையில் கோணல்மாணல். அடுத்ததில் கோடு மட்டும், புள்ளி இல்லை. அப்புறம் ஒரு புள்ளி. கடைசி வரிசையில்தான் இரண்டு புள்ளியும் வாலும் சேர்ந்து வந்திருந்தன. அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக். சிஸ்டர் வார்டில் காய்ச்சல் சார்ட்டில் போட்ட அதே டிக்.

"உனக்காக உட்காந்து யோசிச்சு ஒரு கையெழுத்து பண்ணியிருக்கார்ம்மா" என்றாள் மகள்.

சிஸ்டர் அந்த டிக்கை விரலால் தடவினாள். வார்டு வாசலில் சேற்றுக்காலோடு நின்றவரைத் திரும்பிப் பார்த்தோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பார்த்ததாக நினைவில்லை. இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

வெள்ளிக்கிழமை கவுண்டரில் நல்ல கூட்டம். அவள் முறை வந்ததும் லென்ஸ்காரர் புது விண்ணப்பத்தை நீட்டினார். சிஸ்டர் பேனாவை இரண்டு விரலுக்கு நடுவே சொருகினாள். பின்னால் நின்றவர் உச்சுக் கொட்டினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழுத்து எழுத்தாக வைத்து, வாலைத் தூக்கி, கோடு கிழித்து, இரண்டு புள்ளி வைத்தாள். லென்ஸ் பதினோரு பத்திரத்துக்கும் போய்த் திரும்பியது. மகளின் விரல்கள் அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தன.

"இப்ப அச்சு அசலா இருக்கே! அன்னைக்கு ஏம்மா அப்படிப் போட்டீங்க?"

"அன்னைக்கு அவசரத்துல போட்டுட்டேன் சார்."

அவர் பத்திரங்களை அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் முத்திரை குத்தினார். கையெழுத்தின் மேலேயே சிவப்பு மை விழுந்தது. சிஸ்டர் கவுண்டர் பக்கம் குனிந்தாள். "ஒண்ணே ஒண்ணு எனக்குத் திருப்பிக் குடுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"விதி இல்லையேம்மா. பணம் வாங்கிட்டா பத்திரம் கவர்மெண்டுக்கு."

"இந்தக் கவர்?"

"அது எங்களுக்கு எதுக்கு? எடுத்துக்குங்க."

செக்கை மகள் வாங்கிக்கொண்டாள். சிஸ்டர் கவரை மடிக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அடுத்த வாரம் ஆபரேஷன் அன்று காலையில் ஒரு சின்னப்பெண் நர்ஸ் அட்டையோடு ஓடி வந்தாள். சம்மத ஃபாரம். எத்தனை ஆயிரம் பேரிடம் இதே ஃபாரத்தை நீட்டி, சீக்கிரம் சீக்கிரம் என்று சிஸ்டர் விரட்டியிருப்பாள்!

"இங்க ஒரு கையெழுத்தும்மா. டாக்டர் ரெடியா இருக்காரு."

இப்போது எந்த லென்ஸும் இல்லை. எந்தக் கையெழுத்துப் போட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. சிஸ்டர் பேனாவை வாங்கி, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் சொருகிக்கொண்டாள். முதல் எழுத்தை வைத்துவிட்டு, இரண்டாவதுக்கு இடம் பார்த்தாள்.

"கொஞ்சம் சீக்கிரம் போடுங்கம்மா, எனக்கு அங்க வேலை கிடக்கு."

"ரெண்டு நிமிஷம் நில்லு சிஸ்டர்" என்றாள் அவள். "ஒரே ஒரு கையெழுத்துதானே."