டெனிஸ் சொன்ன சாட்சி

வேதசிரோமணி ஜெபம் பண்ணினால், மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டிய விமானம் 'ஆமென்' கேட்ட பிறகுதான் தரையைத் தொடும் என்பார்கள் கீழ்க்கட்டளையில். விமானிகளே காணிக்கை அனுப்பியதாகவும் பேச்சு. அந்தத் தொண்டையை ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தன் பதினைந்து வயது மகனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"சத்தமா சொல்லுடா. 'சாத்தான் என்னை ஏமாத்திட்டான்.'"

டெனிஸ் சொன்னான். ஏற்ற இறக்கம் பிசகவில்லை.

அவன் அம்மா யூனிஸ் அவனுடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். கோடை விடுமுறை வகுப்பின்போது சபையின் பாய் அடுக்கும் அறைக்குள் ஜெரூஷாவை இழுத்துப்போய்த் தாழ் போட்டவன் இவன். எட்டாவது படிக்கிற பெண். அவன் கையைக் கடித்துவிட்டு, அலறிக்கொண்டு தப்பி வந்தாள். போலீஸ் வேண்டாம், பையன் சபை முன்னால் நின்று, செய்ததை ஒத்துக்கொண்டு சாட்சி சொன்னால் போதும் என்று பெரியவர்கள் காபி குடித்துக்கொண்டே முடித்துவிட்டார்கள்.

"தாம்பரம் மனநல டாக்டரம்மா அப்பாயின்மென்ட் என்னாச்சு?" என்றாள் கணவரிடம்.

"கேன்சல் பண்ணிட்டேன். சாத்தானுக்கு மாத்திரை இருக்கா?"

"தாப்பாள் போட்டது சாத்தான் இல்ல, இவன் கை. ஒரு எலும்பு டாக்டராவது பாக்கட்டும்."

அவர் சிரித்தார். அவள் எதைச் சொன்னாலும் அந்த வீட்டில் அதுதான் பதில். மூன்று வயதில் டெனிஸ் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தபோதும் "ஆம்பளப்புள்ள!" என்று கைதட்டிச் சிரித்தவர். ஆபீஸ் பெண்களைப் பற்றி அவர் அவிழ்த்துவிடும் ஜோக்குகளுக்கு இப்போது முதலில் சிரிப்பது டெனிஸ். ஜெரூஷா எப்படிப் பயந்திருப்பாள் என்று நேற்று யூனிஸ் அவனிடம் கேட்டாள். "சும்மா சீன் போட்டாம்மா" என்றான், போனிலிருந்து தலை தூக்காமல்.

சபையில் சாட்சி பிரமாதமாக அமைந்தது. இரண்டு பேர் அழுதார்கள். போதகர் உருகிப்போய், "ஜெரூஷா, வாம்மா. அண்ணனை மன்னிச்சுக் கை குடு" என்றார்.

யாரோ முதுகைத் தள்ள, அவள் முன்னால் வந்தாள். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். டெனிஸ் புன்னகையோடு கையை நீட்டினான்.

யூனிஸ் எழுந்துபோய் நடுவில் நின்றாள்.

"குடுக்காத, பாப்பா."

"யூனிஸ், உக்காரு!" வேதசிரோமணியின் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"இவன் வருத்தப்படவே இல்ல, பாஸ்டர். மனப்பாடம் பண்ணியிருக்கான். டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன். இவ அம்மா ஸ்டேஷனுக்குப் போனா, நானும் கூடப் போவேன்."

கீபோர்டுக்காரர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார். சபை முழுவதும் கைதட்டிப் பாடியது. யூனிஸின் முதுகுப்பக்கம் சேலையை ஒரு சின்ன முஷ்டி கொத்தாக இறுக்கியது. எதிரே டெனிஸ் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக எட்டி, அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.