கான்ஸ்டபிள் 2216

லிஃப்ட் வரவில்லை. க்ளென் டன்ஸ்டன் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியிலிருந்து இரண்டிரண்டு படிகளாகத் தாவி இறங்கினான். கையிலிருந்த போனில் அக்கா டெனீஸ் அனுப்பிய செய்தி இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"இன்ஸ்பெக்டர் நம்ம ஆளே இல்ல. அப்பா தப்பான ஆளைப் பிடிச்சிருக்கார். வந்துட்டே இருக்கேன், நானே அவர்கிட்ட சொல்றேன்."

அவளை மேலே வர விடக்கூடாது. கீழேயே மடக்கியாக வேண்டும்.

இன்றைய பொழுது தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். அப்பா மெர்வின் டன்ஸ்டன், எழுபத்தொன்பது வயது, மேலே மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறார். தலைமாட்டு மேஜையில் சட்டம் போட்ட பழைய போட்டோ: தாடி, பித்தளைப் பொத்தான்கள், இடுப்பில் வாள். இன்ஸ்பெக்டர் ஜோசப் டன்ஸ்டன். அந்தக் காலத்தில் தங்கம் ஏற்றி வந்த வண்டியைக் கொள்ளையடித்தவர்களைத் துரத்திப் பிடித்தவர். அப்பாவின் கொள்ளுத்தாத்தா. அப்படித்தான் முப்பத்துநாலு வருஷமாக வீட்டில் எல்லோரும் நம்பி வந்தார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அப்பா முதல் பியரை அந்தப் போட்டோவுக்கு நேரேதான் உயர்த்துவார்.

டெனீஸின் வெள்ளைக் கார் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் கோணலாகப் புகுந்து நின்றது. கதவைக்கூடச் சரியாகச் சாத்தாமல் இறங்கினாள். கக்கத்தில் ஒரு மஞ்சள் உறை. பெண்டிகோ நகரின் ஜனவரிக் கோடை வெயில் தரையிலிருந்து எழும்பி முகத்தில் அடித்தது.

"நில்லு. நீ மேல போகப் போறதில்ல" என்றான் க்ளென், கையை விரித்துக்கொண்டு.

"தள்ளுடா. மெல்பர்ன்லேருந்து ஒரு மூத்திரத்துக்குக்கூட நிறுத்தாம வந்திருக்கேன்."

"அந்த இன்ஸ்பெக்டரை விட்டா அவருக்கு என்ன இருக்கு? சாகப்போற மனுஷன்கிட்டேருந்து அதையும் பிடுங்கணுமா?"

"ஆவணக் காப்பகத்துக்கு என்னை அனுப்பினதே அவர்தான். ஃபைலை மூடாம ஒரு போலீஸ்காரன் சாகக்கூடாதுன்னு அவர்தானே சொன்னார்?"

"அவர் போலீஸ்காரரா இருந்தது ஒன்பதே வருஷம், டெனீஸ்."

ஏன் ஒன்பதே வருஷம் என்று இருவருக்குமே தெரியும். 1979இல் அம்மா ஷெரில் வீட்டை விட்டுப் போனபோது டெனீஸுக்கு வயது ஏழு, க்ளெனுக்கு மூன்று. இரவுக் காவலுக்குப் போகும் கான்ஸ்டபிளால் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியாது. அப்பா சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இறைச்சித் தொழிற்சாலை வாசலில் லாரி நம்பர் எழுதும் வேலைக்குப் போனார். இருபத்தெட்டு வருஷம். பழைய சகாக்களைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். "அவர் இன்ஸ்பெக்டர் வரைக்கும் போனார். நான் சமையல்கட்டு வரைக்கும்" என்று பியருக்கு அப்புறம் போட்டோவைக் காட்டிச் சொல்லிச் சிரிப்பார். க்ளென் மட்டும் சிரித்ததே இல்லை.

"நம்ம நிஜத் தாத்தா என்ன பண்ணினாராம்? இன்ஸ்பெக்டருக்கு மேலயா?"

"கான்ஸ்டபிள். கடைசி வரைக்கும் கான்ஸ்டபிள். ஏழு தண்டனை."

"அடிப்பாவி! இதைச் சொல்லவா இப்படிப் பறந்து வந்தே?"

"முழுசாக் கேட்டுட்டுத் திட்டு. அப்ப நீ திட்டினா வாங்கிக்கறேன்" என்றவள், அவன் கைக்கு அடியில் குனிந்து புகுந்து ஓடிவிட்டாள்.

அவன் மேலே வந்து சேர்ந்தபோது அவள் ஆரம்பித்துவிட்டிருந்தாள்.

"அப்பா, ஜோசப் டன்ஸ்டன் ரெண்டு பேர் இருந்திருக்காங்க. ஒரே காலம், ஒரே போலீஸ் படை."

மெர்வின் கண்ணைத் திறந்தார். குரல் காற்றாகத்தான் வந்தது. ஆனால் விசாரணைக் காற்று.

"ஆதாரம்?"

"உங்க இன்ஸ்பெக்டர் லண்டன்காரர். கல்யாணமே பண்ணிக்கல. நம்ம ஆள் கார்ன்வால் சுரங்கத்துலேருந்து வந்தவர். பொண்டாட்டி பேரு கிரேஸ், உங்க கொள்ளுப்பாட்டியேதான். பணிப்பதிவேட்டுல எழுதியிருக்கு. நீங்க பழைய பேப்பர்ல வந்த பேரை மட்டும் பார்த்தீங்க, படை எண்ணைப் பார்க்கல."

க்ளென் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அப்பாவின் நெஞ்சு ஏறியது, இறங்கியது. மறுபடி ஏற வெகுநேரம் ஆயிற்று.

"எண்ணைப் பார்க்கலியா நான்?"

"பார்க்கலப்பா."

"முப்பத்துநாலு வருஷம்" என்றார் மெர்வின். "தப்பான ஆளைப் பிடிச்சு உள்ள வெச்சிருக்கேன்." உதட்டின் ஒரு ஓரம் அசைந்தது. "டேய் க்ளென். அவரை ரிலீஸ் பண்ணு. இங்க சொந்தக்காரங்க மட்டும்தான் இருக்கலாம்."

க்ளென் நம்பாமல் பார்த்தான். பிறகு போட்டோவை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"நம்ம ஆளு நம்பர் என்ன?"

"2216."

"படி."

டெனீஸ் தாளை விரித்தாள். "1862. காவல் நேரத்தில் தூக்கம். அபராதம்."

"ம்."

"1864. அரசாங்கக் குதிரையில் மனைவியை ஏற்றிச் சென்றது. கண்டிப்பு."

"நல்ல பையன்."

"1867. மேலதிகாரிக்கு மரியாதையில்லாத பதில்."

"என்ன பதிலாம்?"

"எழுதல."

"முக்கியமானதை மட்டும் எழுத மாட்டானுங்க."

"1869. கைதியைக் கொண்டு வரும் வழியில் மதுக்கடையில் தங்கியது. கைதியே கான்ஸ்டபிளைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வந்து சேர்ந்தான்."

மெர்வினின் தோள்கள் குலுங்கின. இருமல் என்று நினைத்து க்ளென் பதறி முன்னால் வந்தான். இருமல் இல்லை. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் கதவில் தலையை நீட்டினாள். "வெள்ளைக் கார் யாரோடது? ஆம்புலன்ஸ் வருது. இப்பவே எடுக்கலேன்னா இழுத்துட்டுப் போயிடுவாங்களாம்."

டெனீஸ் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சாவியை வீசினாள். க்ளென் அப்பாவைப் பார்த்தான்.

"போடா. ஏழும் கேக்காம நான் எங்கயும் போகல" என்றார் அவர்.

இன்ஸ்பெக்டரைக் கக்கத்தில் இடுக்கியபடியே க்ளென் மறுபடி படியிறங்கினான். காருக்குப் பக்கத்தில் நின்ற காவலாளி அவனை ஒரு பாடு திட்டித் தீர்த்தான். காரை நிறுத்த நாலு வரிசை தள்ளித்தான் இடம் கிடைத்தது. போட்டோவைப் பின்சீட்டில் வைத்து, கார் ஜன்னல் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டான். ஏன் இறக்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

திரும்பி வந்தபோது அறை வேறு மாதிரி இருந்தது. ஜன்னல் திரையை நர்ஸ் பாதி இழுத்துவிட்டிருந்தாள். டெனீஸ் அப்பாவின் கையைப் பிடித்தபடி நாற்காலியில் இருந்தாள். ஏற வேண்டிய நெஞ்சு ஏறவில்லை.

க்ளென் கொஞ்சநேரம் கதவருகிலேயே நின்றான். பிறகு வந்து மறுபக்கக் கையைப் பிடித்துக்கொண்டான். இன்னும் சூடாக இருந்தது. அப்பாவின் உதட்டு ஓரம் அசைந்த இடத்திலேயே நின்றுவிட்டிருந்தது.

"ஏழும் கேட்டாரா?"

"கேட்டார். அப்புறம் கடைசி வரி. அதைத் திரும்பப் படிக்கச் சொன்னார். மூணு தடவை. நாலாவது தடவை..." டெனீஸ் மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "நாலாவது தடவை நான் முழுசாப் படிச்சு முடிச்சேன்டா. பாதியில நிறுத்தல."

தாளை அவன் பக்கம் நீட்டினாள்.

காப்பக நகலில் மசி கொஞ்சம் வெளுத்திருந்தாலும் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. தூக்கம், குதிரை, மதுக்கடை எல்லாவற்றையும் தாண்டி க்ளெனின் விரல் அடிக்கு இறங்கியது.

"4 மார்ச் 1873. கான்ஸ்டபிள் 2216, தன் வேண்டுகோளின்படி விலகல். மனைவி இறப்பு. பிள்ளைகள் நால்வர். வளர்க்க வேறு ஆள் இல்லை."