பதினொரு இடது கால்கள்

பாலே நடனம் சொல்லிக்கொடுக்கும் டீச்சரின் இடது முட்டி இரண்டு மாதமாக மக்கர் செய்துகொண்டிருந்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "குதிக்கிறதை நிறுத்துங்க" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். ஐந்து வயதுக் குழந்தைகளுக்குக் குதிக்காமல் பாலே சொல்லிக்கொடுப்பது எப்படி என்று எந்த மருந்துச் சீட்டிலும் எழுதித் தருவதில்லை. அந்த வயதில் வார்த்தை காதில் ஏறாது. "முதுகை நிமிர்த்து" என்றால் வயிறு முன்னால் வரும். "தோளை இறக்கு" என்றால் ஏனோ நாக்கு வெளியே வரும். செய்து காட்டினால்தான் உண்டு.

ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு குதித்தாள். பள்ளியை நடத்தும் பெரிய டீச்சரிடம் மூச்சு விடவில்லை. பெரிய டீச்சர் கெட்டவள் இல்லை, ஆனால் கறார். குதிக்க முடியாதவளை வகுப்பில் நிறுத்த மாட்டாள். பதினான்கு வருடம் மேடையில் கடைசி வரிசையில், யாரும் பெயர் கேட்காத இடத்தில் ஆடியவளுக்குக் கிடைத்த முதல் சொந்த வகுப்பு இது. பதினொரு வாண்டுகள். அவர்கள் மேல் அவளுக்கு உயிர்.

விஷயம் தெரிந்தவர் பியானோ வாசிக்கும் அண்ணன் ஒருவர்தான். அவள் தரையில் இறங்கும் நேரத்தில் தாளத்தை ஒரு கடுகளவு இழுத்துப் பிடித்துக்கொடுப்பார். "ஷோவுக்கு இன்னும் மூணு வாரம்தானே தங்கச்சி. அதுவரைக்கும் வாயைத் திறக்காத. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்.

ஒரு திங்கட்கிழமை, கேள்விக்குறியின் அம்மா வகுப்புக்கு முன்னால் வந்து நின்றாள். ஓயாமல் கேள்வி கேட்கும் சிறுமிக்கு அண்ணன் வைத்த பெயர் அது.

"டீச்சர், இவளை நேத்து டாக்டர்கிட்ட காட்டினேன். வீட்டுல குதிக்கும்போதெல்லாம் வலது பக்கம் சாயுறா, இடது தொடையைப் பிடிச்சுக்கிறா. எக்ஸ்ரே வரைக்கும் எடுத்தாச்சு. காலுல ஒண்ணுமே இல்லைங்கறாங்க."

"வளர்ற வயசுங்க, சில பேருக்கு அப்படி இருக்கும்" என்று டீச்சர் சமாளித்து அனுப்பினாள். மனதுக்குள் ஏதோ குறுகுறுத்தது.

அன்று முட்டி பந்தாக வீங்கியிருந்தது. முதல் தடவையாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நீங்களே செஞ்சு காட்டுங்க பாக்கலாம்" என்றாள். அண்ணன் வாசித்தார். பதினொரு பேரும் குதிகால்களை ஒட்டிவைத்து முட்டியை மடக்கினார்கள். குதித்தார்கள். இறங்கினார்கள்.

பதினொரு பேரும் வலது பக்கம் லேசாகச் சாய்ந்தார்கள். பதினொரு இடது கைகளும் தொடையை ஒரு நொடி பிடித்துவிட்டு விட்டன. நாலைந்து பேர் உதட்டையும் கடித்துக்கொண்டார்கள்.

டீச்சருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. படை மாதிரி அத்தனை ஒற்றுமை! கை சரியாக வர எத்தனை வாரம் மன்றாடியிருப்பாள், வரவில்லை. இது மட்டும் கேட்காமலே வந்திருக்கிறது. பிறகு அது நின்றுபோயிற்று. வலியே இல்லாத பிள்ளைகள் ஒரே காலில் பாரத்தைப் போட்டுவந்தால், வளரும் எலும்புக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

"கண்ணுங்களா, தொடையைப் பிடிக்கக் கூடாது. ரெண்டு கால்லயும் சமமா இறங்கணும்."

"நீங்க அப்படித்தானே செய்யறீங்க?" என்றாள் கேள்விக்குறி.

டீச்சர் எழுந்து சரியாகச் செய்து காட்டப் பார்த்தாள். முட்டி ஒத்துழைக்கவில்லை. கை தானாகத் தொடைக்குப் போனது. பதினொரு கைகளும் கூடவே போயின.

பியானோவுக்குப் பின்னாலிருந்து அண்ணன் தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். அவர் ஆட்டியதில் நியாயம் இருந்தது. இந்த வயதில் ரகசியம் என்பது வீட்டு வாசலைத் தாண்டும் வரைக்கும்கூடத் தாங்காது. இவர்களிடம் சொல்வதும் பெரிய டீச்சரின் மேஜையில் எழுதிவைப்பதும் ஒன்றுதான். சொன்னால் வகுப்பு போகும். சொல்லாவிட்டால் இதுகளின் கால் கெடும்.

தரையில் உட்கார்ந்து, வீங்கிய முட்டியைக் காட்டினாள்.

"டீச்சருக்கு இங்க வலி. அதனாலதான் சாயுறேன். இது டான்ஸ் இல்ல."

"அப்ப வலிக்காதவங்க செய்ய வேணாமா?"

"வேணாம்."

"எனக்கு அந்தச் சாயுற இடம்தான் ரொம்பப் பிடிக்கும்" என்று ஒரு குண்டுக் கன்னத்துக்காரி அழத் தயாரானாள். கேள்விக்குறி முட்டியில் ஒரு விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். "ரொம்ப வலிக்குதா?" என்றாள். "ஆமா" என்றாள் டீச்சர். இரண்டு மாதத்தில் அதைச் சத்தமாகச் சொன்னது அப்போதுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெரிய டீச்சர் கூப்பிட்டுவிட்டாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம்."

"எங்கிட்ட சொல்லல. பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்க."

"என் சாய்வு அவங்களுக்குத்தாங்க ஒட்டிக்கிச்சு."

பெரிய டீச்சர் வகுப்புப் பட்டியலை எடுத்துப் புரட்டினாள். "நீ உக்காந்து சொல்லு. புதுப் பொண்ணு ஒருத்தி வர்றா, அவ செஞ்சு காட்டட்டும். இந்தப் பழக்கம் போகணும். ஷோ அன்னைக்குப் பிள்ளைங்க பாத்துச் செய்யத் திரைக்குப் பக்கத்துல அவ நிப்பா, நீ வேணாம். உன்னைப் பாத்தா பிள்ளைங்க மறுபடியும் சாயும். அதுக்கப்புறம் வகுப்பும் அவளுக்குத்தான்."

தீர்ப்பு சரிதான் என்று டீச்சருக்கே தெரிந்தது.

அடுத்த வாரங்களில் அவள் நாற்காலியை விட்டு எழவே இல்லை. புதுப்பெண் ரப்பர் மாதிரி எம்பி இறங்கினாள். டீச்சர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு இடுப்பாகப் பார்த்தாள். "இன்னொரு தடவை. கையை மறந்துடு. இன்னொரு தடவை." முதலில் இரண்டு பேருக்குச் சரியானது, பிறகு ஆறு பேருக்கு. குண்டுக் கன்னத்துக்காரி மட்டும் கடைசி வாரம் வரைக்கும் தண்ணி காட்டினாள்.

ஷோவுக்கு டீச்சர் சீட்டு வாங்கி, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். பதினொரு பேர் வரிசையாக வந்தார்கள். யாரும் அவளிருந்த பக்கம் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் திரைப் பக்கம், புதுப்பெண்ணின் மேல் இருந்தன. குதித்தார்கள். டீச்சர் இடமிருந்து வலமாக ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனாள். இடுப்பு நேர். கை நேர். குண்டுக் கன்னத்துக்காரியும் நேர். பதினொன்றாவதாகக் கேள்விக்குறி இரண்டு காலிலும் சமமாக, பூனைபோல இறங்கினாள்.

அவளுடையது என்று அவர்களிடம் ஒரு துளிகூட மிச்சமில்லை. அதற்காகத்தான் அத்தனை பாடும் பட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் முட்டி ஒருநாளும் வலிக்காத வலியாக நெஞ்சு வலித்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், யாரோ ஒரு குழந்தையின் சித்தப்பா, கைதட்டிக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார்.

"பிரமாதமா ஆடுதுங்க, இல்ல? இதுல உங்க குழந்தை எது?"

அவள் கை பாதி தூரம் எழுந்துவிட்டது. மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்லைங்க. நான் சும்மா பாக்க வந்தேன்."