மத்திகிரிச் சிறுத்தையின் இரண்டு படங்கள்

ஓசூர்க்காரர்கள் பலரை நான் முதலில் நிறம் மாறிய கோலத்தில்தான் பார்த்திருக்கிறேன். கறுத்த முகம் வெளுத்திருக்கும், நரைத்த மீசை கரி பூசினாற்போல் இருக்கும். என் வீட்டுக்காரர் கௌஸ் மொய்தீன் பஜாரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். படம் பிடிப்பது அவர். பின்கட்டு இருட்டறையில் சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு கண்ணாடி நெகட்டிவ் தட்டுகளை மருந்தில் போட்டுக் கழுவுவது நான். கடைத்தெருவுக்கு அதிகம் போகாத எனக்கு ஊர் நடப்பெல்லாம் அந்தத் தட்டுகளில்தான் வந்து சேரும். எந்த மாமியாருக்கு எந்த மருமகளைப் பிடிக்கவில்லை என்பதுகூட, அவர்கள் நிற்கிற நிலையிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

வேட்டைப் படம் மட்டும் எனக்கு ஆகாது. ஒரு காட்டுப்பன்றியைச் சுட்டுவிட்டால் போதும், சானமாவுக் காட்டையே குத்தகைக்கு எடுத்தவன் மாதிரி அதன்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

"கொன்னது கொன்னாச்சு. அத பத்து பேருக்குக் காட்டி என்னாங்க ஆவணும்?" என்று கேட்பேன்.

"கல்யாணப் படத்த மட்டும் காட்டலாமாக்கும்?" என்பார் அவர்.

"அதுலயும் ஒருத்தி மாட்டிக்கிட்டுத்தானே நிக்கறா!" என்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசி மாதம். மத்திகிரியில் திம்மராயன் என்றொரு மாட்டுவண்டிக்காரன் இருந்தான். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தான். அந்தப் பக்கம் கன்றுக்குட்டிகளை அடித்துக்கொண்டிருந்த சிறுத்தையை ஒருநாள் விடியற்காலையில் சுட்டுவிட்டான். சிறுத்தையைச் சுட்டவன் மறுநாள் அதை வண்டியில் ஏற்றி, மாலை போட்டு, தப்பட்டை அடித்து ஊர் ஊராகக் கொண்டுபோவான்; வீட்டுக்கு வீடு ராகியும் வெல்லமும் கொடுப்பார்கள். இவனுக்கு அது போதவில்லை. ஊர்வலத்துக்கு முன்னால் படம் பிடித்து, பாகலூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வரை பெரிய மனிதர் வீடுகளுக்கெல்லாம் ஒரு பிரதி கொடுக்க வேண்டுமாம். அதனால் என் வீட்டுக்காரருக்கு ஆள் அனுப்பினான்.

அவர் காமிராவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். மழை மூட்டம், போதாததற்குப் புளியமர நிழல். வெளிச்சம் குறைந்தால் காமிராவின் கண்ணைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருக்க வேண்டும். அதற்குள் யார் அசைந்தாலும் படத்தில் அந்த இடம் கலங்கிப்போகும். "நான் மூடற வரைக்கும் ஆடாதீங்க, மூச்சுக்கூட வுடாதீங்க" என்று எல்லோரையும் மிரட்டி நிறுத்திவைப்பது அவர் வழக்கம். பிற்பகலில் வந்து தட்டை என் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

தட்டில் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். சிறுத்தையின் இடுப்பில் காலை வைத்து, துப்பாக்கியும் கையுமாகத் திம்மராயன். பின்னால் ஊர்க்காரர்கள். சிறுத்தையை ஒட்டி, அதன் வயிற்றின்மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தாள் திம்மராயனின் மனைவி பாப்பம்மா. சந்தை நாளில் எங்கள் வீட்டுக்கு வெண்ணெய் கொண்டுவருகிறவள். கேட்டால்தான் வாயைத் திறப்பாள்.

எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தது. சிறுத்தையின் தலை, கால், வால், மீசை முடிகூடத் தெளிவு. வயிற்றுப் புள்ளிகள் மட்டும் ஒன்றோடொன்று கலந்து கலங்கியிருந்தன. மருந்து சரியில்லையோ என்று முதலில் நினைத்தேன். கழுவி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வயிற்றின்மேல் இருந்த பாப்பம்மாவின் விரல்களும் கலங்கியிருந்தன. அவள் வளையலும் முழங்கையும் தெளிவாக இருந்தன. மூச்சு விடாதீர்கள் என்று அவர் சொன்னதை எல்லோரும் கேட்டிருந்தார்கள், சிறுத்தையைத் தவிர.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். சொன்னால் ஓடிப்போய் இன்னொரு குண்டு போடுவார்கள். சொல்லாமல் விட்டால், ராத்திரி அது கிடக்கப்போவது திம்மராயன் வீட்டில்தான்; நினைவு தெளிந்து எழும்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கப்போவது பாப்பம்மாதான். இத்தனை பேர் காலடியில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்த அந்தப் பிராணியை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனுஷி மனுஷிதானே. சொல்லிவிட்டேன்.

"காத்துல ஆடியிருக்கும் முனவரு" என்றார் அவர்.

"புளிய எல ஆடல, ஒருத்தர் முந்தானையும் ஆடல. வயித்த மட்டும் ஆட்டற காத்து எந்த ஊருக் காத்துங்க?"

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

விளக்கு வைத்த பிறகுதான் திரும்பினார். திம்மராயன் முதலில் அவரை ஏசினானாம், "என் குண்டு வாங்கினது மூச்சு வுடுமா பாய்?" என்று. சிறுத்தையை வீட்டுக்குப் பின்னால் வண்டிக் கொட்டகையில் போட்டிருந்தார்கள். ராத்திரி முழுக்க அது தனியாகக் கிடக்க வேண்டும், யாரும் கிட்டே போகக்கூடாது, அதுதான் தன் பிறந்த ஊர் வழக்கம் என்று பாப்பம்மா எல்லோரையும் விரட்டிவிட்டிருந்தாளாம். லாந்தரைத் தூக்கிப் பார்த்தால் சிறுத்தை தலையை உயர்த்தி, திறந்து கிடந்த பின்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. திம்மராயன் வாசலில் நின்றபடியே சுட்டான்.

"நீ பாத்துச் சொல்லலேன்னா என்னா ஆயிருக்கும்!" என்றார் அவர். பாப்பம்மா பிழைத்தாளே என்று எனக்கு நிம்மதி. கொஞ்சம் பெருமையும்தான்.

மறுநாள் காலையில் இன்னொரு படம் எடுத்தார்கள். அதில் கலங்கல் எதுவும் இல்லை. இதைத்தான் பிரதி போட வேண்டும், பழையதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று திம்மராயன் சொல்லியனுப்பினான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஒரு வாரத்துக்குள் ஆள்மேல் ஆள் வர ஆரம்பித்தார்கள். "உசுரோட இருந்த சிறுத்த படம் இருக்குதாமே பாய்?" அந்தப் படத்தில் பின்னால் நின்றவர்களே வந்து ஆளுக்கொரு பிரதி கேட்டார்கள். உயிருள்ள சிறுத்தையோடு நின்றவர்கள் ஜில்லாவில் வேறு யார் இருக்கிறார்கள்!

"இத பெருசாப் போட்டு முன்கண்ணாடியில மாட்டினா பெங்களூர்லேருந்து ஆளு வரும்" என்றார் என் வீட்டுக்காரர்.

வேட்டைப் படத்தைக் கரித்துக்கொட்டுகிற நானே மாட்டச் சொன்னேன். அந்தக் கலங்கிய வயிற்றை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. திம்மராயனின் வீறாப்பும் அடங்கட்டும் என்று ஓர் ஆசை. முதலில் சின்னதாக ஒரு காகிதப் பிரதி போட்டு வைத்திருந்தோம்.

சந்தை நாளன்று பாப்பம்மா வெண்ணெயோடு வந்தாள். உள்ளே இழுத்துக்கொண்டுபோய் அந்தப் பிரதியை நீட்டினேன். "பாரு, உன் உசுரு எதுல பொழச்சுதுன்னு!"

வெகுநேரம் பார்த்தாள். படத்தில் இருந்த தன் விரல்களைத் தொட்டாள்.

"இத வெளியில மாட்டப் போறீங்களா?"

"ஆமா. ஊரே கேக்குது."

"வேணாம் பாயம்மா. அவுரு பாத்தா, என் கை எங்க இருந்துச்சுன்னு பாப்பாரு."

எனக்கு விளங்கவில்லை.

"கைக்கடியில ஏறி எறங்குச்சுங்க. எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா ஏண்டி சொல்லல? உம்மேல பாஞ்சிருந்தா?" என்று கத்திவிட்டேன்.

"செத்த மாதிரி படுத்துக்கிட்டு இருந்துச்சு" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "மைசூரு எல்லை தாண்டிப் போயி அவுரு குடிச்சுட்டு வர்ற அன்னிக்கி நானும் அப்பிடித்தான் படுத்துக்குவேன். அடிச்சு அடிச்சு அலுத்துப் போயிடுவாரு. அதான் பின்கதவத் தெறந்து வெச்சேன். இருட்டினா போயிடும்னு நெனச்சேன்."

என்னைக் குற்றம் சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். வெண்ணெயை இலையில் வைத்துக் கொடுத்துவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். இவளைக் காப்பாற்றிவிட்டதாகவா நான் பெருமைப்பட்டேன்!

காகிதப் பிரதியை அடுப்பில் போட்டேன். இருட்டறைக்குப் போய் அந்தக் கண்ணாடித் தட்டை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிறகு தரையில் ஓங்கிப் போட்டேன்.

சத்தம் கேட்டு அவர் ஓடிவந்தார்.

"கை தவறிடுச்சுங்க" என்றேன்.

இத்தனை வருஷத்தில் நான் ஒரு தட்டைக்கூட உடைத்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். போய்த் துடைப்பத்தை எடுத்துவந்து கொடுத்தார்.