பீன்ஸ் தொட்டியில் வெள்ளைப் பொடி

லேக் மார்க்கெட் பகுதி வீட்டின் மொட்டை மாடித் தொட்டியில் ஜெய்ராம் கடைசியாக ஊன்றிய பீன்ஸ் இது. ஊன்றிய வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. இதில் ஒரு காயையாவது முற்றவிட்டு விதை எடுத்துவிட வேண்டும் என்பது அவர் மனைவி சௌந்தரத்தின் பிடிவாதம். வேறு எதற்கும் அவள் பிடிவாதம் பிடித்ததில்லை. பிடித்திருந்தால் அவரை முன்பே டாக்டரிடம் இழுத்துப் போயிருப்பாள்.

போன வருஷம் குருத்து கருகிப் பூவெல்லாம் கொட்டியபோது, மண்ணில் போரான் சத்து இல்லை என்று கண்டுபிடித்தவர் அவர்தான். தெருமுனைக் கிளப்பில் கேரம் போர்டுக்குத் தூவும் போரிக் பவுடரில் ஒரு சிட்டிகையை வாளித் தண்ணீரில் கரைத்து, ஒரே ஒரு தடவை ஊற்றினார். காய் கொத்துக்கொத்தாகப் பிடித்தது. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த வருஷம் அந்தச் சிட்டிகையைச் சௌந்தரம் போட்டாள். மகன் ஜெயந்திடம் சொல்லவில்லை. அந்த வீட்டில் யாரும் அவர் பேச்சை எடுப்பதில்லை. எடுத்தால் மற்றவர் உடைந்துவிடுவார் என்று இருவருக்கும் பயம்.

சில நாளில் கீழ் இலைகளின் ஓரம் மஞ்சளாகிக் கருகியது. சத்து கூடிப்போனதன் அடையாளம் அது. அவள் மறுபடி பவுடரைத் தொடவே இல்லை. ஆனாலும் காலையில் மாடி ஏறினால் மண் ஈரமாக இருக்கும், தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். முதல் நாள் பயந்து கீழே இறங்கிவிட்டாள். பிறகு, சொன்னால் வெட்கம், சந்தோஷமாக இருந்தது. அவர் வந்து போகிறார். தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு மாடி ஏறத் தொடங்கினாள்.

பூவும் வாட ஆரம்பித்தபோதுதான் மனம் கேட்கவில்லை. மறுநாள் வழக்கத்தைவிட முன்னதாக, விடிந்ததும் தொட்டியருகே நின்று மெதுவாகச் சொன்னாள்.

"ஏன்னா, போறும். செடி தாங்காது. நீங்க சும்மா வந்து ஒக்காந்துட்டுப் போனாலே போறும்."

மாடிப்படியில் அரவம் கேட்டது. ஜெயந்த் நின்றிருந்தான். ஒரு கையில் தண்ணீர் வாளி, மறு கையில் கேரம் பவுடர் டப்பா.

"நீ மறந்துடுவேன்னு நெனச்சேம்மா. அதான் அப்பா மாதிரி நானே தினம் ஊத்திண்டிருந்தேன்."

"தினமுமாடா?"

"போன வருஷம் அப்பா தினம் ஊத்தினார்னுதான் நெனச்சேன்."

சௌந்தரம் டப்பாவை வாங்கி மூடினாள். நல்ல தண்ணீரை நிறைய விட்டால் பவுடர் கரைந்து அடி ஓட்டை வழியாக ஓடிவிடும், செடி பிழைத்தாலும் பிழைக்கும் என்று சொன்னாள். ஜெயந்த் குழாயைத் திறந்து வாளி வாளியாக ஊற்றினான். அடியிலிருந்து கலங்கலாகத் தண்ணீர் வெளியேறி மாடியெங்கும் பரவியது. அவர் ஒருநாளும் வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"கொஞ்சம் மெதுவா ஊத்துடா" என்றாள்.