இடது மேல் மூலை வெளிச்சம்

நாகவல்லி படித்த நகை வடிவமைப்புப் பயிற்சிக் கூடம் முகப்பேரில் ஒரு மாவு மில்லின் மாடியில் இருந்தது. அதன் டைரக்டர் பரந்தாமன் 1993-இல் பம்பாய்க்குப் போய்ப் பதினைந்து நாள் பயிற்சி முடித்து வந்தவர். அந்தப் பதினைந்து நாளுக்கான சான்றிதழைப் பெரிய சட்டம் போட்டு மாட்டி, தினமும் ஊதுவத்தி காட்டிவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்குவார். "தங்கம்ங்கிறது வெறும் உலோகம். அதுக்கு ஆன்மா குடுக்கிறவதான் டிசைனர்" என்று அவர் சொல்லும் நேரம் பார்த்துக் கீழே மில் ஓடும். மாணவிகள் பதினொரு பேரும் தலையை ஆட்டுகிறார்களா, தரையோடு சேர்ந்து அதிர்கிறார்களா என்று கண்டுபிடிக்க முடியாது.

அவர் போட்ட சட்டங்கள் இரண்டு. ஒன்று, காகிதத்தில் வெளிச்சம் எப்போதும் இடது மேல் மூலையிலிருந்துதான் விழும்; ஆகவே எதை வரைந்தாலும் அதன் இடது தோளில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு பொட்டு வைக்க வேண்டும். இரண்டு, ஒவ்வொருத்தியும் இன்ஸ்பிரேஷன் நோட்டு ஒன்று வைத்து, அன்றன்று தன்னை உலுக்கிய காட்சி எது என்று எழுத வேண்டும். பரந்தாமன் அதில் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார்.

இரண்டாவது சட்டத்தை நாகவல்லி ஆவடியிலிருந்து வரும் பஸ்ஸிலேயே நிறைவேற்றினாள். திங்கள் கடல், செவ்வாய் மயில், புதன் கோபுரம், வியாழன் தாமரை, வெள்ளி நிலா. அவள் கடலைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. மயிலைக் காலண்டரில் பார்த்ததோடு சரி. நாலு மாதமாகியும் கடல் ஏன் திங்கட்கிழமை மட்டும் வருகிறது என்று பச்சை மைக்குச் சந்தேகம் வரவில்லை.

படம் வேறு வழியில் வந்தது. கண் முன்னால் கிடப்பதை அவள் கை பாட்டுக்கு வரைந்துவிடும். அப்பா உலகநாதன் டாங்கித் தொழிற்சாலையிலிருந்து சட்டைப் பையில் கொண்டுவந்து கொட்டும் வாஷர்கள் தோடாயின. நோட்டில் அது நிலா. குக்கர் மூடியின் ரப்பர் வளையம் வளையலாயிற்று. நோட்டில் அது தாமரைக்குளம். பொய் எழுதுகிறோமே என்று உறுத்தவும் இல்லை, நன்றாக வந்திருக்கிறதே என்று இனிக்கவும் இல்லை. போன ஐப்பசியில் அம்மா அங்கம்மா இறந்ததிலிருந்து இப்படித்தான். அன்றைக்கு வீடே அழுதபோது பக்கத்து வீட்டார் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, சர்க்கரை சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வேறு எதையும் அவ்வளவு தெளிவாக நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த பொட்டலத்தில் செயின் அக்காவுக்குப் போயிற்று. தோடும் மூக்குத்தியும் அண்ணிக்குப் போயின. தாலிச் செயினில் அம்மா கோத்து வைத்திருந்த ஐந்து ஊக்குகளுக்குப் பங்கு கேட்டு யாரும் வரவில்லை. நாகவல்லி அவற்றைப் பவுடர் டப்பா மூடியில் போட்டு வைத்தாள். ஒருநாள் அவை விசிறி மாதிரி விரிந்து கிடந்தன. வரைந்தாள். அன்று செவ்வாய். மயில் என்று எழுதினாள்.

அந்த மாதம்தான் பூந்தமல்லி நகைக்கடைச் சொர்ணம் அம்மாள், ஒரு பெண்ணை டிசைனர் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். அப்பா அதற்குள் அம்பத்தூர் எஸ்டேட் ரெடிமேட் கம்பெனியில் பேசி முடித்திருந்தார். ஒன்றாம் தேதியிலிருந்து பித்தான் தைக்கும் பிரிவு. டிசைன் தேறினால் கடை, தேறாவிட்டால் பித்தான். பரந்தாமன் தேர்ந்தெடுத்து அனுப்பியது மயிலைத்தான்.

சனிக்கிழமை, கடையின் பின்கட்டுப் பட்டறையில் ஆசாரி தங்கவேல் வெள்ளியில் செய்து முலாம் பூசிய பென்டன்ட்டை எடுத்து நீட்டினான். ஐந்து ஊக்குகளும் அச்சாக வந்திருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் இடது தோளிலும் ஒரு வெள்ளைக் கல். வலது பக்கம் மொட்டை.

"கல்லு எங்கேர்ந்து வந்துது அண்ணாத்தே?"

"நீதானேம்மா வெள்ளையா பொட்டு வச்சிருந்தே? அஞ்சு பொட்டு, அஞ்சு கல்லு."

"அது கல்லு இல்ல. வெளிச்சம்."

"வெளிச்சத்த எங்கப் போய் வாங்கியாந்து பதிக்கறது? ஊக்குக்கு எதுக்குடா கல்லுன்னு நானே ரோசன பண்ணேன்."

"ஊக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"ஊக்கப் பாத்தா ஊக்குன்னு தெரியாதா?"

அதற்குள் சொர்ணம் அம்மாளும் பரந்தாமனும் வந்துவிட்டார்கள். கல்லைப் பார்த்ததும் பரந்தாமன் ஒரு விநாடி தடுமாறினார். பம்பாயில் இதற்குப் பாடம் இல்லை.

"பாருங்கம்மா, மயில் இன்னும் ஆடல. ஆடறதுக்கு முன்ன ஒரு பக்கமாத் திரும்பிப் பாக்குது. ஒரு வெட்கம். அந்தக் கணத்தப் பிடிச்சிருக்கா."

"மயிலா இது?"

"நோட்டுல இருக்கு. செவ்வாய்க்கிழமை. என் கையெழுத்தே இருக்கு."

சொர்ணம் நாகவல்லியின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு பொண்ணு. இன்னா நெனச்சுகினு போட்டே இத?"

நாகவல்லிக்குப் பித்தான் பிரிவு ஞாபகம் வந்தது. மயில் என்ற ஒரு சொல் போதும். ஆனால் வாயும் அவள் கையைப் போலத்தான். எதிரில் இருந்ததைச் சொல்லிவிட்டது.

"ஊக்குங்க. எங்கம்மா தாலிச் செயின்ல இருந்தது. கல்லு தெரியாம வச்சிட்டாரு."

பரந்தாமன் சுவரைப் பார்த்தார். இந்தச் சுவரில் சான்றிதழ் இல்லை.

சொர்ணம் ரவிக்கைக்குள்ளிருந்து தன் தாலிச் செயினை இழுத்தாள். அதில் மூன்று ஊக்குகள். பென்டன்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, செயினைத் திரும்ப உள்ளே விட்டாள்.

"ஊக்குதான். கடைக்கு வர்ற பொம்பளைங்க அத்தினி பேர் கழுத்துலயும் இது தொங்கிகினு கீது. ஊக்குன்னு சொன்னா எவ காசு குடுப்பா? மயிலாவே இருக்கட்டும். கல்லும் இருக்கட்டும், கோணலா இருந்தாத்தான் டிசைனுன்னு நம்புவாளுங்க. திங்கக்கெழம வந்துடு. அந்த நோட்ட எடுத்துகினு வா, ஒவ்வொண்ணுக்கும் அட்டையில எழுதித் தொங்க விடணும்."

"நான் அப்பவே பச்சை மையில..." என்று பரந்தாமன் தொடங்கினார்.

"இன்னும் எத்தினி மயில் அடிக்கணும்?" என்றான் தங்கவேல்.

"ஆறு" என்றாள் சொர்ணம்.

பூந்தமல்லி பஸ் நிலையத்தில் நாகவல்லி சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். பஸ் வந்தது. ஓடிப்போய் ஏறும்போது செருப்பின் வார் பிய்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பையைத் திறந்தாள். ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவந்த ஐந்து ஊக்குகளும் உள்ளே இருந்தன. ஒன்றை எடுத்து வாரில் செருகிப் பூட்டினாள். பாரிவாக்கம் தாண்டியதும் நோட்டை விரித்து, திங்கட்கிழமைப் பக்கத்தில் கடல் என்று இப்போதே எழுதி வைத்தாள்.

ஊக்கு வீடு வரை தாங்கியது.