தீயலின் கசப்பு

என் கணவர் பட்டாபி கொலை வழக்குகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர். தொழில் வக்கீல். கட்சிக்காரர்கள் அதிகம் வராததால் கோர்ட்டில் உட்கார்ந்து பழைய வழக்குக் கட்டுகளைப் படிப்பார். படித்ததை எழுதுவார். ஆரியசாலையில் அச்சுக்கூடம் வைத்திருக்கும் நெல்லையப்பன் அதைச் சின்னப் புத்தகமாகப் போட்டு விற்பார். போனக்காடு தேயிலைத் தோட்டத்தில்கூட ஒருவர் உரக்கப் படிக்க, தொழிலாளர் லயத்தில் மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம்.

அவர் கையெழுத்து அச்சுக் கோர்ப்பவர்களுக்குப் புரியாது. நான்தான் நல்ல பிரதி எடுப்பேன். ரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்துக் கல்யாணமாகி கரமனைக்கு வந்த எனக்குக் கிடைத்த உத்தியோகம் அது ஒன்றுதான். பிடித்தும் இருந்தது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. பிரதி எடுக்கும்போது யாரிடமும் பேச வேண்டியதில்லை.

அவருடைய முதல் நாலு புத்தகங்களில் கொலையாளி என்றால், 'வயது சுமார் முப்பது, மாநிறம், இடது புருவத்தில் தழும்பு' என்று இருக்கும். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. ஐந்தாவது புத்தகத்தில்தான் உலகம்மை வந்தாள்.

உலகம்மை ஆரியசாலையில் கொப்பரை வியாபாரம் செய்த பகவதிப்பெருமாளின் மனைவி. நாஞ்சில் நாட்டுக்காரி. ஒரு ராத்திரி அவள் வைத்த உள்ளித் தீயலை, சின்ன வெங்காயம் போட்ட புளிக்குழம்பை, விட்டுச் சோறு சாப்பிட்டவன், விடிவதற்குள் வாந்தியெடுத்துச் செத்துப்போனான். வயிற்றில் வெள்ளைப் பாஷாணம் இருந்ததாக ரசாயனப் பரிசோதகரின் அறிக்கை வந்தது. தீயல் சட்டியை அதற்குள் கழுவிவிட்டார்கள். ஆனால் அவன் அம்மா முத்தாரம்மாள் கூண்டில் ஏறி, "தீயல் கசக்குன்னு சொல்லித்தான் எம்பிள்ளை தட்டைத் தள்ளினான்" என்றாள். அதே தீயலில்தான் விஷம் இருந்தது என்பதற்கு அந்தக் கசப்பே சாட்சி என்று நீதிபதி எழுதினார். உலகம்மைக்கு ஆயுள் தண்டனை.

அவள் குற்றமற்றவள் என்று என் கணவருக்குத் தோன்றிவிட்டது. அனுமதி வாங்கி ஜெயிலுக்குப் போய் அவளைப் பார்த்தார். பிறகு மறுபடியும் போனார். மகாராஜாவின் பிறந்தநாளில் சில கைதிகளை விடுதலை செய்வது வழக்கம். அதற்கு முன் புத்தகத்தை அச்சடித்து, ஒரு மனுவோடு சேர்த்து அரண்மனைக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் எண்ணம்.

நான் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். முதல் அத்தியாயத்தில் அவள் குரல். இரண்டாவதில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் விதம். மூன்றாவது அத்தியாயத்தில் அவள் விரல்கள் வந்தன. பக்கத்தைத் திருப்பினேன். இன்னும் விரல்கள்தான்.

"ஏன்னா, இந்த விரல் வழக்குக்கு வேணுமா?"

"எந்த விரல்?"

"பக்கம் பக்கமா எழுதியிருக்கேளே."

"அது அவளோட குணத்தைக் காட்டறது."

"விரலா?"

"நோக்குப் புரியாது விஜயம். நீ சயன்ஸ்."

எனக்குப் புரிந்தது. என் வலது கையில், கட்டைவிரலுக்குக் கீழே, கல்லூரியில் கந்தக அமிலம் தெறித்த தழும்பு இருக்கிறது. அந்தக் கையால்தான் தினமும் அவருக்குக் காப்பி கொடுக்கிறேன். அது எப்படி வந்தது என்று அவர் கேட்டதில்லை.

நெல்லையப்பன் ஒருநாள் கைப்பிரதியை வாங்க வந்தார். இன்னும் முடியவில்லை என்றதும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மா, சாமி மொகத்துல ஒரு தெளிச்சம் வந்திருக்கு பாத்தேளா? ஜெயிலுக்குப் போனா ஆளு மெலிவான். இவரு போய்ட்டு வரும்போதெல்லாம் தெளியுதாரு."

"ஓய், வாயை வச்சிண்டு சும்மா இரும்" என்றார் இவர். ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"சும்மா இருக்கேன் சாமி. ஆனா பிறந்தநாள் நமக்காக நிக்காது, கேட்டேளா. இன்னொண்ணு, யுத்தத்தால காயிதம் கிட்டல்ல. சொன்ன அளவுக்கு மேல ஒரு பக்கம் போனாலும் என்னால முடியாது."

அவர் போன பிறகு இவர் என்னிடம் வந்தார். முகத்தில் ஏதோ கேட்கப்போகும் தயக்கம்.

"விஜயம், நீ தீயல் வைப்பியா?"

"நம்மாத்திலயா? உள்ளி போட்டா?"

"உலகம்மை எப்படி வைக்கறதுன்னு சொன்னா. தேங்காயைக் கறுக்க வறுக்கணுமாம். எழுதறவன் அந்த ருசி தெரியாம எழுதப்படாது இல்லையா?"

கொலைக் குற்றத்துக்காக ஜெயிலில் இருப்பவளின் சமையலை என்னைச் செய்யச் சொல்கிறார். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதோடு, அவளைவிட நன்றாக வைத்துக் காட்ட வேண்டும் என்றும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்ன உள்ளியை உரித்தேன். ஜன்னலைச் சாத்தியும் பயனில்லை. பக்கத்து வீட்டுச் சீதாலக்ஷ்மி மாமி கொல்லைப்புறம் வந்து நின்றாள்.

"என்னடி விஜயம், வாசனை தெருவையே தூக்கறது? மசக்கையா?"

"இல்லை மாமி. அவருக்கு."

"அவனுக்கா மசக்கை? பேஷ்!"

நான் உள்ளே ஓடி வந்துவிட்டேன். இரும்புச் சட்டியில் துருவிய தேங்காயைப் போட்டேன். வெள்ளை மஞ்சளாகி, செம்பழுப்பாகி, கடைசியில் நல்ல மண் நிறத்துக்கு வந்தது. வாசனை நன்றாக இருந்தது. அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் புளி கரைக்கப் போனேன். திரும்பி வந்தபோது சட்டியில் இருந்தது பழுப்பு இல்லை, கறுப்பு. கறுக்க வறுக்கணும் என்றுதானே அவள் சொன்னாளாம். அப்படியே அரைத்தேன்.

அவர் முதல் கவளத்தை வாயில் வைத்தார். முகம் சுருங்கியது.

"கசக்கறதே!"

தட்டைத் தள்ளிவிட்டார்.

நான் அவருக்கு மோர் ஊற்றினேன். பிறகு என் தட்டில் தீயலைக் கொஞ்சம் விட்டுச் சாப்பிட்டுப் பார்த்தேன். கசந்தது. நாக்கின் பின்பக்கத்தில் பிடித்துக்கொண்டு போகாத கசப்பு. கரியின் கசப்பு. அடுப்பிலிருந்து இறக்கினாலும் சூடான இரும்பு தேங்காயை வறுத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. உடனே வேறு பாத்திரத்தில் தட்டியிருக்க வேண்டும்.

கை கழுவும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. வெள்ளைப் பாஷாணத்துக்குக் கசப்பு கிடையாது.

முதல் வருஷமே படித்தது. ஏறக்குறைய ருசியே இல்லாத பொடி. சோற்றில் போட்டாலும் காப்பியில் போட்டாலும் நாக்குக்குத் தெரியாது. தெரியாததால்தான் கொலைகாரர்கள் அதைத் தேடுகிறார்கள். அப்படியானால் பகவதிப்பெருமாள் தட்டைத் தள்ளியது விஷத்தினால் அல்ல. அன்றைக்கு உலகம்மை வீட்டில் தேங்காய் கருகியிருக்கிறது. முத்தாரம்மாள் சொன்னதும் உண்மைதான். கோர்ட்டில் இருந்த நீதிபதி, வக்கீல்கள், இன்ஸ்பெக்டர் எல்லோரும் தீயல் சாப்பிட்டவர்கள். ஒருவரும் தேங்காய் வறுத்தவர் இல்லை. பரிசோதகரிடம் விஷம் உண்டா என்று கேட்டார்கள். அதன் ருசி என்ன என்று கேட்கவில்லை.

கசப்பு போனால் தீயலுக்கும் விஷத்துக்கும் இருந்த தொடர்பே போயிற்று. அன்று சாயங்காலம் கடையில் கூட்டாளி கொடுத்த சுக்குக் காப்பியை அவன் குடித்தான் என்று வழக்குக் கட்டில் ஒரு வரி இருந்தது. நானே அதைப் பிரதி எடுத்திருக்கிறேன். விஷம் போனது தீயலிலா, காப்பியிலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சந்தேகம் ஒன்றே போதும், அவளை விட்டுவிட.

அவள் வெளியே வந்தால் எங்கே போவாள்? முதலில் நன்றி சொல்ல இங்கே வருவாள். இவர் எழுந்து நிற்பார். அந்த விரல்களால் கும்பிடுவாள். நான் காப்பி கொண்டு வர வேண்டும்.

நான் பேசாமல் இருந்தால் இவர் புத்தகத்தில் விரலும் குரலும்தான் இருக்கும். அதைப் படித்து அரண்மனையில் யாரும் யாரையும் விடமாட்டார்கள். அவள் அங்கேயே கிடப்பாள்.

மத்தியானம் முழுக்கப் பிரதி எடுத்தேன். 'கம்பிகளுக்கு அப்பால் அந்த விரல்கள் ஒன்றையொன்று தேடின' என்று ஒரு வாக்கியம். எழுதி முடித்தேன். சாயங்காலம் அவர் ஜெயிலுக்குக் கிளம்ப அனுமதிச் சீட்டை எடுத்துக் கோட்டுப் பையில் வைத்தார். கண்ணாடியில் தலையை ஒருமுறை சரி செய்தார். இன்னொரு முறையும் செய்தார்.

அந்தத் தலையைப் பார்த்தபோது சொல்லவே கூடாது என்று இருந்தது. சட்டியில் ஒட்டியிருந்த கறுப்பைப் பார்த்தபோது, சொல்லாமல் இருந்தால் இனி இந்த அடுக்களையில் நான் எதையும் வறுக்க முடியாது என்றும் இருந்தது.

"ஏன்னா. பாஷாணம் கசக்காது."

"என்னது?"

சொன்னேன். அவர் செருப்பை ஒரு காலில் போட்டுக்கொண்டு நின்றபடியே கேட்டார். முடித்ததும், "விஜயம்! விஜயம்!" என்று அறைக்குள் நடந்தார். என் பெயரை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு நிமிஷம் நன்றாக இருந்தது.

"இதை இப்பவே உலகம்மைகிட்ட சொல்லணும்" என்றார்.

"நானும் வரேன்."

"நீயா? அங்கேயா?"

"நானும் வரேன்" என்றேன் மறுபடியும்.

ஜெயிலில் பெண்கள் பகுதிக்கு எலிசாள் என்ற வார்டர் எங்களைக் கூட்டிப் போனாள். பெரிய உடம்பு, பெரிய சாவிக்கொத்து.

"வக்கீல் ஐயா இன்னைக்குத் துணையோடயாக்கும்! இதுதானா வீட்டம்மா? நல்லது. நானும் எப்பக் கூட்டிட்டு வருவாருன்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

இவர் சுவரைப் பார்த்தார்.

உலகம்மை வந்தாள். அசிங்கமாக இருப்பாள், இவர் மிகைப்படுத்தியிருப்பார் என்று வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்தேன். அப்படி இல்லை. அழகாகத்தான் இருந்தாள். விரல்களும் அவர் எழுதியபடிதான் இருந்தன. புடவைத் தலைப்பில் என் கையை மறைத்துக்கொண்டேன்.

இவர் பாஷாணம், சட்டம், மனு என்று வேகமாகச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"இது ஐயா கண்டுபிடிச்சதா?"

"இவ கண்டுபிடிச்சா. என் ஆத்துக்காரி. தீயல் வச்சா, கசந்துடுத்து."

உலகம்மை கம்பிக்குப் பக்கத்தில் வந்தாள். "நீங்களா வச்சிய? சட்டியை இறக்கிட்டு அதுலயே விட்டுட்டியளோ?"

தலையாட்டினேன்.

"அதேதான் அம்மா! அன்னைக்கு நானும் அதேதான். அத்தை கூப்பிட்டாவன்னு போனேன், வந்து பாத்தா கறுத்துட்டு. கொட்டிட்டு வேற வறுக்கலாம்னா நேரமில்ல. கோர்ட்ல இதை யாரும் கேக்கல்ல. ஐயாகிட்ட முதல் நாளே சொன்னேனே, தேங்கா கருகிட்டுன்னு. எழுதல்லியா?"

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அது... அடுக்களைச் சமாசாரம்னு..." என்றார்.

எலிசாள் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "பேசும்போது இந்தப் பிள்ளை மொகத்தைப் பாத்துட்டு இருந்தா, சொல்லுறது காதுல எப்படி விழும்?"

உலகம்மை தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் அது தெரிந்திருக்கிறது. தெரிந்தும், வெளியே போக வேறு வழியில்லாமல் அவள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்தாலும் அவள் விரல்களைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

வண்டியில் திரும்பினோம். கரமனைப் பாலம் தாண்டியதும் இவர், "கசப்பைப் பத்தின அத்தியாயத்தை நீயே எழுதிடு" என்றார்.

எழுதினேன். தேங்காய் எந்த நிறத்தில் எந்த ருசி என்று, பாஷாணத்தின் தன்மை என்னவென்று, அடைமொழி இல்லாமல் எழுதினேன். வக்கீல்கள் நூலகத்தில் இருந்த விஷ வைத்திய நூலிலிருந்து இவர் ஒரு மேற்கோள் கொண்டு வந்தார். ஆனால் நெல்லையப்பன் சொன்ன அளவுக்கு மேல் பக்கம் போயிற்று. ஏதாவது ஒன்றை எடுக்க வேண்டும். பிரதி எடுப்பவள் நான். எடுத்தேன்.

அச்சுப் படி வந்தபோது இவர் திண்டில் சாய்ந்துகொண்டு படித்தார். முன்னும் பின்னும் புரட்டினார்.

"விஜயம், விரல் எங்கே?"

"இடமில்லைன்னா. காயிதத் தட்டுப்பாடு."

என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அச்சுப் படியில் கையெழுத்துப் போட்டார்.

பிறந்தநாளன்று விடுதலையானவர்களில் உலகம்மையும் இருந்தாள். நான் வாசல் கதவைப் பார்த்தபடி இருந்தேன். அவள் வரவில்லை. நாஞ்சில் நாட்டில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டோம். இவர் சில நாள் கோர்ட்டிலிருந்து சீக்கிரம் வந்தார். வந்து, "யாராவது வந்தாளா?" என்று கேட்பார். "சீதாலக்ஷ்மி மாமி வந்தா" என்பேன்.

ஒருநாள் நெல்லையப்பன் ஓர் ஆள் தலையில் ஓலைப்பெட்டி ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். பெட்டி நிறையச் சின்ன உள்ளி. மண் உதிர்த்து, காய வைத்து, ஒரே அளவாகப் பொறுக்கியது.

"நாரோயிலுக்குப் போனப்ப அந்த உலகம்மை தந்துவிட்டா. விஜயம் அம்மாகிட்டதான் குடுக்கணும்னு ரெண்டு தடவ சொன்னா."

இவர் பெட்டியை எட்டிப் பார்த்தார். உள்ளியைக் கையால் விலக்கி அடிவரை பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் சொல்லி விடல்லையா?"

"இல்ல சாமி."

"நன்னா யோசிச்சுச் சொல்லும்."

"யோசிச்சுட்டேன் சாமி. இல்ல."

நெல்லையப்பன் போன பிறகு இவர் ஓர் உள்ளியை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "தீயல் வைக்கறியா விஜயம்?" என்றார்.

"ஆத்தில தேங்காய் இல்லை" என்றேன்.

அடுக்களை மூலையில் தேங்காய் குவிந்து கிடந்தது.